எல்-ஒன் விலை எங்கிருந்து குறைகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகராட்சித் தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விடும்போது தொழிலாளர் நலனையும் கணக்கில் எடுக்கச் சொன்னால், “எல்-ஒன்னுக்குத்தான் (மிகக் குறைந்த விலை கேட்டவருக்குத்தான்) கொடுக்க முடியும், மீறினால் தணிக்கை ஆட்சேபணை வரும்” என்கிறார்கள் நகராட்சி அதிகாரிகள். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின் 10-ஆம் பிரிவை முழுதாகப் படித்தால் அந்தப் பதில் நிற்காது. குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்கச் சொல்லும் அதே பிரிவுதான், எது குறைந்தது என்பதை ஆவணத்தில் முன்கூட்டியே சொன்ன, அளவிடக்கூடிய காரணிகளையும் அவற்றுக்குரிய மதிப்பையும் வைத்து முடிவு செய்யச் சொல்கிறது. ஆவணத்தில் எழுதாததை உறையைப் பிரித்த பிறகு சேர்க்கத்தான் வழியில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு மாதக் கூலி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து வேலையளிப்பவர் தரப்பு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 13 சதவீதம், 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், 488. போனஸுக்கு 8.33 சதவீதம் ஒதுக்கினால் 1,250. ஆக 18,688. தலைக்கு 17,000 கேட்கிறவர் லாபத்தைக் குறைத்துக்கொண்டு கேட்கவில்லை. விட்டுப்போன 1,688 ரூபாயைத் தொழிலாளியிடமிருந்துதான் எடுப்பார். பல மதிப்பீடுகளில், விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக வரும் மாற்றாள் கணக்கும் இருப்பதில்லை. வாரம் ஏழு நாளும் 100 பேர் களத்தில் நிற்க வேண்டுமானால் 117 பேரை வேலைக்கு வைக்க வேண்டும். மதிப்பீட்டில் 100 என்றே போட்டால் வார விடுப்பு அன்றே பறிபோகிறது. இது ஒப்பந்ததாரர் செய்யும் தவறு அல்ல, நகராட்சி செய்வது.

ஆகவே கூலியும் சட்டப்படியான பங்களிப்புகளும் மாறாத தொகையாக ஆவணத்திலேயே அச்சாகட்டும். வண்டி வாடகை, மேற்பார்வை, லாபம் ஆகியவற்றில் மட்டும் போட்டி இருக்கட்டும். அதற்கு மேல் மதிப்பெண் தருவதானால் எண்ணக்கூடியவற்றுக்கே தர வேண்டும். பழைய ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்களில் எத்தனை பேரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வார், எத்தனை வார்டுகளில் தரம் பிரிப்பை மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுப்பார் என்பவை எண்ணக்கூடியவை. ‘உள்ளூர் மக்கள் நலனில் அக்கறை காட்டுவோம்’ என்ற வாக்கியத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் கூடாது. பிரிட்டனில் 2012-இல் இதற்கென்றே சட்டம் வந்தது. 2021 முதல் அந்நாட்டு மத்திய அரசுத் துறைகளின் பெரிய ஒப்பந்தங்களில் சமூகப் பயனுக்குக் குறைந்தது 10 சதவீத மதிப்பெண் வைத்தார்கள். ஆனால் மதிப்பெண் வாங்கித் தந்த வாக்குறுதி ஒப்பந்த நிபந்தனையாகவும், தவறினால் மாதப் பில்லில் பிடித்தமாகவும் மாறாவிட்டால் எந்த ஊரிலும் அது காகிதத்தோடு போய்விடும்.

பாதுகாப்புச் சாதனங்களிலும் இதே அலட்சியம்தான். ‘கையுறை வழங்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால் துணிக் கையுறை வரும். ஈரக் குப்பையில் கை வைத்ததுமே ஊறிவிடும். முழு ரப்பர் கையுறைக்குள் வியர்வை தேங்குவதால் கழற்றி வைத்துவிடுகிறார்கள். உள்ளங்கைப் பக்கம் நைட்ரைல் பூசிய பின்னல் கையுறை, இரண்டு அளவுகளில், ஆளுக்கு மாதம் இத்தனை ஜோடி என்று எழுத வேண்டும். பெண்களின் கைக்குப் பெரிய அளவு பொருந்தாது, பிடி நழுவும்.

சுய உதவிக் குழுக்களை வெளியே நிறுத்துவது பெரும்பாலும் ஆண்டு விற்றுமுதல் நிபந்தனையும், ஒப்பந்தப்புள்ளியோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையும்தான். முழு நகரத்தையும் ஒரே தொகுப்பாக்காமல், ஒரே அறிவிப்பில் வார்டுவாரியாகப் பிரித்துக் கோரினால் அவர்களும் உள்ளே வர முடியும்.

கடைசியாக, பில். மாதாமாதம் பி.எஃப். செலான் நகல் இணைக்கப்படுகிறது. செலானில் மொத்தத் தொகைதான் இருக்கும், பெயர் இருக்காது. மூன்று ஊர்களில் ஒப்பந்தம் எடுத்தவர் ஒரே செலானை மூன்று பில்லிலும் இணைத்தாலும் தெரியாது. தொழிலாளியின் பெயரும் அவருக்குரிய பி.எஃப். அடையாள எண்ணும் (யு.ஏ.என்.) கொண்ட மாதாந்திரப் பட்டியலை வாங்கி, வருகைப் பதிவேட்டோடும் வங்கி வரவோடும் ஒப்பிட்ட பிறகே பில்லைப் பாஸ் செய்ய வேண்டும். அதே நேரம், நகராட்சி மூன்று மாதம் பில்லை நிறுத்தி வைத்துவிட்டு 7-ஆம் தேதி சம்பளம் போடு என்பதும் நியாயமில்லை. கூலிப் பகுதியை மட்டுமாவது தனியாகப் பிரித்து முதலில் விடுவிக்கலாம். ஒப்பந்ததாரர் தராத கூலிக்கு முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் நகராட்சிதான் சட்டப்படி பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்