கருகிய நாணயங்கள்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி, பேத்தியின் காதுகுத்து என்று பதில் எழுதுவது தள்ளிப்போய்விட்டது. நீ பணம் கட்டிய சீட்டுக் கம்பெனி கைவிரித்துவிட்ட சங்கதியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷம் பேங்க்கில் குப்பை கொட்டினவனாயிற்றே, முன்கூட்டியே மோப்பம் பிடிக்க வழியே இல்லையா என்று கேட்டிருந்தாய். நேரான பதில் என்னிடம் இல்லை. இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஒரு பழைய கதையை வேண்டுமானால் சொல்கிறேன். அதில் உங்கள் நாகப்பட்டினமும் வருகிறது.

1609இல் டச்சுக்காரர்களின் ஆம்ஸ்டர்டாம் நகரசபை ஒரு வங்கி தொடங்கியது. அந்த ஊர்ச் சந்தையில் பல நாட்டுக் காசும் புழங்கியது. ஓரம் சுரண்டிய காசும் நிறைய. வியாபாரி கொண்டுவரும் காசைச் சோதித்து, அதன் மதிப்புக்கு அவன் பேரில் வரவு எழுதுவார்கள். அப்புறம் இவன் கணக்கிலிருந்து அவன் கணக்குக்கு மாற்றி எழுதுவதுதான் வேலை. 600 கில்டருக்கு (டச்சுப் பணம்) மேற்பட்ட உண்டியல்களை, அதாவது இன்னாருக்குப் பணம் கொடு என்று வியாபாரிகள் எழுதித் தரும் தாள்களை, அங்கேதான் தீர்க்கவேண்டும் என்று உத்தரவு. நம்பிக்கை எவ்வளவு என்றால், கைக்காசைவிட வங்கிக் கணக்கில் உள்ள பணத்துக்கு நாலைந்து சதவீதம் அதிக விலை கிடைத்தது. இந்த வித்தியாசத்துக்கு வட்டம் என்று பேர்.

1672இல் பிரெஞ்சுப் படை பக்கத்து ஊரான உட்ரெக்ட் வரை வந்துவிட்டது. ஜனங்கள் வங்கி இருந்த நகர மண்டபத்தில் போய் முண்டியடித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வங்கி எண்ணிக் கொடுத்தது. அப்படிக் கொடுத்த காசுகளில் சில கருகியிருந்தனவாம்! பழைய நகர மண்டபம் 1652இல் எரிந்தபோது உள்ளே கிடந்தவை. அதாவது போட்ட பணம் போட்ட இடத்திலேயே இருந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் இதை எழுதியிருக்கிறார். நகரத் தலைவர்கள் ஆண்டுதோறும் மாறும்போது புதியவர்கள் கருவூலத்தைக் கணக்கோடு ஒத்துப்பார்த்துச் சத்தியம் செய்து பொறுப்பேற்பார்கள் என்றும், அந்த ஊரில் சத்தியத்துக்கு இன்னும் மதிப்பு உண்டு என்றும் சொல்கிறார். அவர் அதை வெளியிட்டது 1776இல்.

நாலே வருஷத்தில் இங்கிலாந்தோடு போர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் பிடிபட்டன, கையில் பணமில்லை. வங்கிதான் கைகொடுத்தது, ரகசியமாக. கம்பெனிக்கு அவ்வப்போது கைமாற்று கொடுப்பது முன்பே உண்டு. இந்த முறை அளவு மீறிவிட்டது. யாரும் மூட்டை தூக்கிப் போகவில்லை, மாணிக்கம். கம்பெனி பேரில் வரவு எழுதினார்கள், அவ்வளவுதான். எங்கள் கிளையில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும். பேனாவுக்கு ஏது சாவி?

அந்தப் போரில்தான் 1781 நவம்பரில், அந்தக் கம்பெனி வசமிருந்த நாகப்பட்டினம் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1784 உடன்படிக்கையில் அதைத் திருப்பித் தரவும் இல்லை. கம்பெனி அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. வாங்கின கடன் எங்கே திரும்பும்?

ஊர் வாயை மூட முடியுமா? 1790இல் வட்டம் தலைகீழானது. வங்கிப் பணம் கைக்காசுக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த ஆண்டுக் கடைசியில், பத்து சதவீதம் குறைத்துத்தான் வெள்ளி தருவோம் என்று வங்கியே அறிவித்தது. 1795இல் பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே நுழைந்தபிறகு கணக்கு முழுக்க வெளிச்சத்துக்கு வந்தது. 1820க்குள் கடையைக் கட்டியாயிற்று. பிரெஞ்சுப் படை வாசலுக்கு வந்தபோது தாங்கின வங்கியை உள்ளே உட்கார்ந்து கணக்கெழுதியவர்கள் சாய்த்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சீட்டுக் கம்பெனி முதலாளிக்குத் தண்டனை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தாய். அதற்கும் ஒரு பழைய கதை உண்டு. அந்தக் காலத்துச் சுவீடனில் செப்புத் தகடுதான் பணம். பத்து டாலர் (அமெரிக்க டாலர் இல்லை, சுவீடன் பணம்) தகடு ஒன்று ஏறக்குறைய 20 கிலோ! அதைச் சுமக்க யாருக்கு முடியும்? பால்ம்ஸ்ட்ரூக் என்பவர் 1661இல் ஸ்டாக்ஹோம் வங்கியில் காகித நோட்டு விட்டார். கையிருப்பைப் பார்க்காமல் அச்சடித்துத் தள்ளியதில் 1664இல் கொடுக்க வழியில்லாமல் போனது. 1668இல் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள், பிறகு அதைச் சிறைவாசமாகக் குறைத்தார்கள். உன் ஆள் விஷயத்தில் வக்கீல் என்ன சொல்கிறார்?

சீட்டுப் புத்தகத்தையும் ரசீதுகளையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. அசலை யாரிடமும் கொடுத்துவிடாதே, வக்கீலிடம்கூட. பொங்கல் கழிந்து நான் அங்கே வருகிறேன். உங்கள் ஊர் டச்சுக் கல்லறைக்கு ஒருநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போ. முழங்காலுக்கு ஒத்துக்கொண்டால் நடந்தே போகலாம்.

உன்,
சுந்தரம்