எச்சரிக்கை எந்தக் கோப்பைக் காட்டுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் பைத்தான் நிரல்மொழி கற்கும் மாணவர்களுக்காக வரும் குறிப்புகளை விரும்பிப் படிக்கிறேன். பிழைச் செய்திகளைப் பற்றி நன்றாகவே எழுதுகிறீர்கள். நிரலை நிறுத்தாமல் திரையில் மட்டும் வரும் எச்சரிக்கைகளைப் பற்றியும், அவை எந்தக் கோப்பைச் சுட்டுகின்றன என்பதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நான் கோத்தகிரியில் இருந்துகொண்டு பசுந்தேயிலைக் கொள்முதல் கணக்குக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். மழை நாளில் ஈர இலைக்குக் கழிக்கும் எடை, முன்பணம், உரத்துக்கான பிடித்தம் எல்லாம் கொள்முதல் மையத்துக்கு மையம் மாறும். அதனால் ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு விதிக் கோப்பு உண்டு. எல்லாக் கோப்புக்கும் பெயர் ஒன்றுதான், இருக்கும் ஃபோல்டர் மட்டும் வேறு. அவற்றைப் படித்துச் சரிபார்க்க ஒரு திறமூல லைப்ரரியை, அதாவது பிறர் எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறேன்.

பைத்தான் 3.12-க்கு மாறியதும், கணக்கு ஓடும்போதெல்லாம் திரையில் ஒரு வரி வர ஆரம்பித்தது. கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்நோன்' (தெரியாதது), வரி எண் 1, தவறான எஸ்கேப் வரிசை என்று ஒரு செய்தி. அவ்வளவுதான். எந்த மையத்தின் கோப்பு என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

எச்சரிக்கை நியாயமானதுதான். சரத்துக்குள், அதாவது மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் உரையில், பின்சாய்கோட்டை (\) அடுத்துப் பொருளில்லாத எழுத்து வந்தால் அது தவறான எஸ்கேப் வரிசை; அதற்கு 2016-ல் வந்த 3.6 பதிப்பிலிருந்தே பைத்தான் எச்சரிக்கிறது. ஆனால் அப்போது அது வழக்கமாகக் கண்ணில் படாத வகையில் இருந்தது. 2023-ல் வந்த 3.12 அதை எல்லோருக்கும் தெரியும் வகைக்கு மாற்றியது. பின்னால் வரும் ஒரு பதிப்பில் இது முழுப் பிழையாகவே ஆகும் என்று பைத்தான் ஆவணமே சொல்கிறது. அன்றைக்கு நிரல் நின்றுபோகும். மாதாமாதம் இலைப் பணத்தை எதிர்பார்த்து இருப்பவர்களுக்குப் பட்டுவாடா தள்ளிப்போகும். ஆகவே இந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

காரணத்தைத் தேடிப் பார்த்தேன். பைத்தானின் ஏஎஸ்டி தொகுதியில், நிரல் உரையைப் படித்து அதன் அமைப்பைப் பிரித்துத் தரும் பார்ஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. அதற்கு மூல உரையோடு கோப்பின் பெயரையும் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் அது 'அன்நோன்' என்று வைத்துக்கொள்ளும். லைப்ரரி என்ன செய்தது என்றால், கோப்பைத் திறந்து, விதிவிதியாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பெயரில்லாமல் பார்ஸிடம் கொடுத்தது. துண்டு ஒவ்வொன்றும் ஒரு வரிதான் என்பதால் வரி எண்ணும் எப்போதும் 1. தவறு இருக்கும் மூல வரியை எச்சரிக்கைக்குக் கீழே அச்சிடும் வசதியும் கோப்புப் பெயரை நம்பித்தான் வேலை செய்கிறது. பெயர் இல்லாததால் அதுவும் போயிற்று.

முழுக் கோப்பையும் அதன் பாதையோடு சேர்த்துக் கொடுப்பதுதான் திருத்தம். சில வரி வேலை. அதை லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பியபோது, 'பழைய சோதனைகள் எல்லாம் பாஸ் ஆகின்றனவே' என்று பதில் வந்தது. பாஸ் ஆகத்தான் செய்யும். லைப்ரரியைச் சரிபார்க்கும் அந்தச் சோதனை நிரல்கள், எச்சரிக்கை வந்ததா என்று மட்டும்தான் பார்த்தன. பெயர் தவறாக இருந்தாலும் அவற்றுக்குத் தெரியாது.

அதனால் புதிதாக ஒரு சோதனை எழுதினேன். தற்காலிக ஃபோல்டர் ஒன்றுக்குள் இரண்டு ஃபோல்டர்கள், இரண்டிலும் ஒரே பெயரில் கோப்பு, ஒன்றில் மட்டும் தவறான பின்சாய்கோடு. பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் என்ற சோதனைத் தொகுதியில் அசெர்ட்வார்ன்ஸ் என்ற வசதி உண்டு. அது பிடித்த எச்சரிக்கையின் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் நாம் எடுத்துப் பார்க்கலாம். முழுப் பாதையும் சரியான ஃபோல்டரைக் காட்டுகிறதா, வரி எண் சரியா என்று ஒப்பிட்டேன். அப்புறம் திருத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டி, சோதனை தோற்கிறது என்பதையும் உறுதி செய்துகொண்டேன். வேறொரு ஃபோல்டரில் இருந்துகொண்டு ஓட்டிப் பார்த்தேன். ஃபோல்டருக்கு 'கீழ் கோத்தகிரி' என்று தமிழில், நடுவில் இடைவெளியோடு பெயர் வைத்தும் பார்த்தேன். நம் ஊர்க் கணினிகளில் ஃபோல்டர்கள் இப்படித்தான் இருக்கின்றன, இதை நாம் சோதிக்காவிட்டால் வேறு யார் சோதிப்பார்கள்?

லைப்ரரி எழுதும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எச்சரிக்கை விடுக்கும் வார்ன் செயற்கூறைச் சும்மா அழைத்தால், எச்சரிக்கை லைப்ரரியின் சொந்த வரியையே காட்டும். எந்த அடுக்கில் உள்ள அழைப்பைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்டேக்லெவல் எண்ணை 2 என்று கொடுத்தால்தான் அதைப் பயன்படுத்தியவரின் கோப்பைக் காட்டும். இடையில் இன்னொரு செயற்கூறு புகுந்தால் அந்த எண்ணும் பொருந்தாமல் போகும். இதனால் வரும் நஷ்டம் குழப்பம் மட்டுமல்ல. ஒரே இடத்திலிருந்து வரும் ஒரே செய்தியைப் பைத்தான் வழக்கமாக ஒரு முறைதான் காட்டும். ஆகவே என் நிரலில் பல இடங்கள் தவறாக இருந்தாலும் ஒன்றுதான் தெரியும். கைவிடப்போகும் வசதிகளைப் பற்றிய எச்சரிக்கைகள் இன்னும் மோசம். 2018-ல் வந்த 3.7 முதல், நாம் நேரடியாக ஓட்டும் நிரலைச் சுட்டினால்தான் அவை தானாகத் திரைக்கு வரும். லைப்ரரியைச் சுட்டினால் வராமலே போய்விடும். 3.12-ல் ஸ்கிப் ஃபைல் பிரிஃபிக்ஸஸ் என்ற வசதி வந்திருக்கிறது. லைப்ரரியின் ஃபோல்டரை அதில் கொடுத்துவிட்டால், அதற்குள் இருக்கும் கோப்புகளையெல்லாம் தாண்டி, வெளியே அழைத்தவரின் வரியை அதுவே கண்டுபிடித்துக் காட்டும். எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

2009 நவம்பர் மழையில் மண் சரிந்து உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. மாவட்டத்துக்கே பொதுவாக வரும் மழை எச்சரிக்கையைவிட, எந்த ஊர், எந்தச் சரிவு என்று சொல்லும் எச்சரிக்கைக்குத்தான் இங்கே ஆட்கள் வீட்டைவிட்டு எழுந்து போவார்கள்.

நம் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலேயே பைத்தான் இருக்கிறது. என்னிடம் பழக வரும் பிள்ளைகள் விடை சரியாக வந்துவிட்டால் மேலே வந்த எச்சரிக்கையைப் படிப்பதே இல்லை. கோப்பு, வரி, வகை, செய்தி என்ற வரிசையில் அதைப் படிக்க ஆசிரியர்கள் ஆய்வகத்தில் பழக்க வேண்டும். முடிந்தால், எச்சரிக்கையின் கோப்புப் பெயரைச் சோதிக்கும் ஒரு சிறு பயிற்சியையும் கொடுக்கலாம். கல்விப் பக்கத்தில் இடம் கிடைத்தால், மேலே சொன்ன சோதனையை மாணவர்களுக்குப் புரியும்படி விளக்கி எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்