ஹக்காவுக்கு இலக்கணம் இல்லன்னு யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சீன மொழிகள் பத்தி உங்க பேப்பர்ல போன வாரம் வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல ரெண்டு வரி உறுத்திடுச்சு. ஒண்ணு, சீன மொழிகளுக்கு இலக்கணமே கிடையாது, வார்த்தைகள வரிசையா வச்சா போதும்ங்கறது. இன்னொண்ணு, தென் சீனாவுலயும் தைவான்லயும் பேசற ஹக்காவ "ஒரு வட்டார வழக்கு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சது. நான் தைவான்ல சின்ஜூல வேலை பாக்குறேன், சுத்தி ஹக்கா பேசுறவங்க நிறைய, அந்த மொழிய கொஞ்சம் கத்துக்கிட்டும் இருக்கேன், அதனால சும்மா இருக்க முடியல.

முதல்ல வழக்கு மேட்டர். பீஜிங்ல பொறந்து, சீனாவோட பொது மொழியான மாண்டரின் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர தென் சீனாவுல ஹக்கா பேசற ஊரான மெய்ஷியன்ல கொண்டு போய் விட்டா, அங்க ரெண்டு பாட்டிங்க பேசிக்கறது அவருக்கு சுத்தமா புரியாது. அப்புறம் என்ன வழக்கு?

இப்போ இலக்கணத்துக்கு வரேன். எழுவாய், வினை, செயப்படுபொருள்னு வரிசை வரும், வினை நம்மள மாதிரி ஆளுக்கு ஆள் மாறாது, அது வரைக்கும் கட்டுரை சொன்னது சரி. ஆனா "இல்ல"ன்னு சொல்றத எடுத்துக்கோங்க. "ஙாய்"னா நான், "ஹி"னா போறது. "ஙாய் ம் ஹி"ன்னா நான் போக மாட்டேன். "ஙாய் மோ ஹி"ன்னா நான் போகவே இல்ல, அதாவது நடந்து முடிஞ்ச விஷயம். "ஙாய் மாங் ஹி"ன்னா இன்னும் போகல, இனிமேதான். "மோக் ஹி"ன்னா போகாதேன்னு அடுத்தவங்கள தடுக்கறது. வினைய தொடவே இல்ல, முன்னாடி வர்ற சின்ன சொல்லு மட்டும்தான் மாறுது, அர்த்தம் எங்கெங்கயோ போகுது பாருங்க. நாம பேச்சுல "நான் போகல"ன்னு சொன்னா அது நேத்து போகாததா, நாளைக்கு போகப் போறதில்லயா, இன்னும் கிளம்பலயா, கேக்குறவங்கதான் இடம் பாத்து புரிஞ்சுக்கணும். இந்த ஒரு விஷயத்துல ஹக்கா நம்ம பேச்சுத்தமிழ விட கறார்னுதான் நான் சொல்லுவேன். (நாம "ம்" கொட்டினா சரின்னு அர்த்தம், அவங்களுக்கு அதுவே மறுப்பு, இத வச்சு ஆரம்பத்துல ஆபீஸ்ல ஏகப்பட்ட காமெடி.)

அதே "மாங்" வாக்கியத்தோட கடைசிக்கு போனா கேள்வி ஆயிடும். "ஸித் பாவ் மாங்?" சாப்ட்டு வயிறு நெறஞ்சுதா, இன்னும் இல்லயா? பாக்குறப்போ கேக்குற குசலம் இது, நம்ம "சாப்டாச்சா" இருக்கே, அதேதான்.

"இன்னொரு கிண்ணம் சாப்பிடு"ன்னு சொல்ல மாண்டரின்ல "இன்னும்"ங்கறத வினைக்கு முன்னாடி போடுவாங்க. ஹக்காவுல "ஸித் யித் வோன் தியாம்", அதாவது சாப்பிடு, ஒரு கிண்ணம், எல்லாத்துக்கும் பின்னால கடைசியா "இன்னும்". மாண்டரின் தெரிஞ்சா ஹக்கா வந்துடும்னு நெனைக்கறவங்க மாட்டிக்கற இடம் இது.

"பூன்"னு ஒரு வினை, குடுக்கறதுன்னு அர்த்தம். "ஙாய் பூன் ஙி"ன்னா நான் உனக்கு குடுக்கறேன். அதே பூன் "கீ பூன் கியெவ் ஙாவ்"ல வந்தா அவன நாய் கடிச்சிடுச்சுன்னு செயப்பாட்டு வினையா மாறிடுது. மாண்டரின்ல கடிச்சது யாருன்னு சொல்லாமலே விடலாம், ஹக்காவுல பூனுக்கு அப்புறம் நாயோ ஆளோ யாராவது ஒருத்தர் வந்தே ஆகணும், யாருன்னே தெரியலன்னா பொதுவா "ஆள்"னாவது போடணும். இத விதின்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

உருபே கிடையாதுன்னும் எழுதியிருந்தாங்க. நான் ஙாய், ஆனா என் அப்பான்னு சொல்றப்போ "ஙா". நீ "ஙி", உன் அப்பா "ஙியா". அவன் "கீ", அவன் அப்பா "கியா". நான் என் ஆகுது, நீ உன் ஆகுது, அது மாதிரிதானே சார்? நாம, நாங்கன்னு நாம பிரிக்கறோமே, கேக்குறவர சேத்தா ஒண்ணு சேக்காட்டி ஒண்ணு, தைவான்ல பேசற சிசியன்ங்கற ஹக்கா வகையிலயும் அந்தப் பிரிவு இருக்கு.

பால் ஒட்டு இன்னும் சுவாரஸ்யம். மாண்டரின்ல ஆண், பெண்ங்கறது மிருகத்தோட பேருக்கு முன்னாடி வரும், ஹக்காவுல பின்னாடி ஒட்டும், "ஙியூ-கூ" காளை, "ஙியூ-மா" பசு. இது மிருகத்தோட நிக்கல, நாக்குக்கும் இஞ்சிக்கும் தலைல போடுற மூங்கில் தொப்பிக்கும் பெண் ஒட்டு "மா" வருது, மூக்குக்கும் இறாலுக்கும் இன்னொரு ஆண் ஒட்டு "கூங்" வருது, ஏன்னு கேட்டா என்கூட வேலை பாக்குறவங்க சிரிக்கறாங்க, எங்க பாட்டி அப்படித்தான் சொல்லுவாங்கன்னு பதில்.

இன்னொரு விஷயமும் எழுதியாகணும். "வழக்கு"ன்னு எழுதறது இங்க சின்ன விஷயம் இல்ல. ஒரு காலத்துல தைவான்ல பள்ளிக்கூடத்துல ஹக்கா பேசினா தண்டனை, டிவி ரேடியோலயும் கட்டுப்பாடு. 1988 டிசம்பர் 28ஆம் தேதி தைபே ரோட்டுல எங்க தாய்மொழிய திருப்பிக் குடுன்னு ஊர்வலம் போனாங்க. அதுக்கப்புறம்தான் 2001ல ஹக்காவுக்குன்னு அரசு ஆணையம், 2003ல தனி டிவி சேனல், சட்டத்துல தேசிய மொழிங்கற இடம் 2018ல. இப்போ ரயில்ல அடுத்த ஸ்டேஷன் அறிவிப்பு ஹக்காவுலயும் வருது. இவ்வளவு இருந்தும் வீட்டுல பேரப்பசங்க மாண்டரின்லதான் பதில் சொல்றாங்க, அது வேற கதை.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ ஹக்கா வார்த்தை வந்தா இங்கிலீஷ்ல இருக்கறத பாத்து "நங்கை", "நிகாய்"னு அச்சடிக்காம நம்ம "ங" வரிசைய எடுத்து போடுங்க. அரிச்சுவடியோட சும்மா கெடக்குற எழுத்து அது, ஹக்காவுக்கு கச்சிதமா பொருந்துது.

இப்படிக்கு,
சின்ஜூவிலிருந்து ஒரு வாசகர்