மீட்புப் பயணத்தை எழுதிவைத்த பிறகே கருவியைக் கடலில் இறக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்மட்ட உயர்வைப் பற்றியும் அதைச் சமாளிக்க இங்கு நடக்கும் ஏற்பாடுகளைப் பற்றியும் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தவறாமல் படித்துவருகிறேன். கரையோரத் தடுப்புகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்குகூட ஆழ்கடல் நீரோட்டங்களை அளக்கும் பணிக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். ஆய்வுக் கப்பல்களில் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். நீரோட்டமானிகளைக் கடலடியில் நிறுத்தப் போகும் ஒரு பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள், அவற்றை மீட்கப் போகும் இரண்டாவது பயணத்துக்கும் மீண்டும் நிறுத்தப் போகும் மூன்றாவது பயணத்துக்கும் உரிய பணத்தையும் கப்பலையும் உறுதிசெய்துகொள்ளாமல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பக் கூடாது என்பதும், அந்த உறுதியைத் தருவதில் சிங்கப்பூருக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பதுமே என் கருத்து.

நம் தீவைச் சுற்றி ஆழ்கடல் கிடையாது. அப்படியிருக்க நமக்கு ஏன் இந்த அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். பசிபிக் பெருங்கடலிலிருந்து இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே புகுந்து இந்தியப் பெருங்கடலுக்குச் செல்லும் நீரோட்டத்தின் அளவு நொடிக்கு ஏறத்தாழ 1.5 கோடி கனமீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 2,500 கனமீட்டர் நீர் கொள்ளும் என்று வைத்தால், நொடிக்கு 6,000 குளங்கள். அதில் பெரும்பங்கு போர்னியோவுக்கும் சுலாவெசிக்கும் இடையிலுள்ள மக்காசார் நீரிணை வழியாகச் செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று நமக்கு மழையைக் கொண்டுவரும் அதே மாதங்களில், தென்சீனக் கடலின் உப்புக் குறைந்த இலேசான நீரைக் கரிமாத்தா நீரிணை வழியே ஜாவா கடலுக்குத் தள்ளுகிறது. அந்த நீர் மக்காசாரின் தெற்கு வாயிலில் அடைப்பான்போல் நின்று மேற்பரப்பு நீரோட்டத்தைத் தடுத்துவிடுகிறது. நமக்கு மழை தரும் காற்று அந்த நீரோட்டத்தோடு இப்படிப் பிணைந்திருப்பதால்தான் நமக்கும் இதில் அக்கறை வேண்டும் என்கிறேன். அதனால் அங்கே நீர் மிக வேகமாக ஓடுவது மேலே அன்று, சுமார் 100 மீட்டருக்குக் கீழே. துணைக்கோள் கடலின் மேற்பரப்பைத்தான் பார்க்கும். உள்ளே ஓடுவதை நேரடியாக அளக்க வேண்டுமென்றால் கருவி அங்கேயே இருக்க வேண்டும். நாகப்பட்டினக் கரையில் பிறந்த என் தகப்பனார் நீரோட்டத்தை ‘நீவாடு’ என்பார். மேல் நீவாடு ஒரு பக்கமும் அடி நீவாடு வேறு பக்கமும் போகும் நாளில் வலையை எப்படி விடுவது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவைத்தான் இக்கருவிகள் எண்களாகப் பதிவுசெய்கின்றன.

கருவி என்று ஒருமையில் சொன்னாலும் அது நெடிய ஒரு தொடர். அடியில் கனத்த இரும்பு நங்கூரம் இருக்கும். கழித்துப்போட்ட ரயில் சக்கரங்களை அதற்குப் பயன்படுத்துவதுண்டு. அதற்கு மேல், ஒலிக் குறியீடு கிடைத்ததும் நங்கூரத்தைக் கழற்றிவிடும் ஒலி விடுவிப்பான், பிறகு நூற்றுக்கணக்கான மீட்டர் கம்பிவடம், இடையிடையே நீரோட்டமானிகள், வெப்பமானிகள், தொடரை நிமிர்த்தி நிறுத்தும் கண்ணாடிக் கோளங்கள், உச்சியில் பெரிய மிதவை. மிதவையில் மேல்நோக்கிப் பொருத்தப்படும் டாப்ளர் கருவி ஒலியை அனுப்பி, நீரில் மிதக்கும் நுண்துகள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் அலைவெண் மாற்றத்தைக் கொண்டு ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் வேகத்தைக் கணிக்கிறது. உச்சி மிதவையையும் நீர்மட்டத்துக்கு வெகு கீழேயே நிறுத்துவார்கள். மேலே தெரிந்தால் படகுகள் அதில் கட்டிக்கொள்ளும், கப்பல்கள் மோதும்.

கப்பல் மெல்ல நகர, மிதவையை முதலில் நீரில் விட்டு, ஒவ்வொரு கருவியாக வடத்தில் கோத்து, கடைசியில் நங்கூரத்தைப் பிடித்திருக்கும் கயிற்றை வெட்டி அதைக் கடலில் விழவிடுவார்கள். அந்தச் சில மணி நேரத்துக்காகப் பல மாதங்கள் உழைக்க வேண்டும். குறித்த இடத்தின் கடலடியைப் ஒலியால் ஆழத்தை அளக்கும் பல்கற்றை ஒலிமானியால் முன்கூட்டியே வரைய வேண்டும், ஏனெனில் நங்கூரம் 100 மீட்டர் கூடுதலான ஆழத்தில் விழுந்தால் எல்லாக் கருவிகளும் 100 மீட்டர் கீழே போய்விடும். 2,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 200 மடங்கு. அங்கே ஒரு கண்ணாடிக் கோளம் நொறுங்கினால் அந்த அதிர்ச்சி பக்கத்துக் கோளங்களையும் நொறுக்கக்கூடும். லித்தியம் மின்கலங்கள் ஆபத்தான சரக்குப் பட்டியலில் வருவதால் கொள்கலனில் ஏற்றத் தனி ஆவணங்கள் வேண்டும். இந்தோனேசிய மீனவர்கள் மீன்களைக் கவர ஆழ்கடலில் நங்கூரமிட்டு வைக்கும் ‘ரும்போன்’ மிதவைகளின் கயிறுகள் நம் வடத்தில் சிக்காமலிருக்க, அவர்களிடம் முன்பே பேசி வைக்க வேண்டும். என் அனுபவத்தில் பொறியியல் குறையைவிட இந்தக் கடைசி வேலையில் காட்டிய அலட்சியமே அதிக இழப்பைக் கொடுத்தது.

மீட்பு நாள் என்பது இத்தனைக்கும் பிறகு வருவது. கப்பலிலிருந்து குறிப்பிட்ட ஒலிக் குறியீட்டை அனுப்பினால் விடுவிப்பான் நங்கூரத்தைக் கழற்றிவிடும், மற்றவை மேலே மிதந்து வரும். ஆனால் விடுவிப்பானின் மின்கலத்துக்கு ஆயுள் உண்டு. நான் போன ஒரு திட்டத்தில், பதினான்கு மாதங்களில் எடுத்திருக்க வேண்டிய தொடரை, மீட்புக்கு நிதி ஒதுக்கப்படாததால், மூன்றாண்டுக்குப் பிறகே தேடிச் சென்றோம். ஒரு பகலும் ஓர் இரவும் குறியீட்டை அனுப்பிக்கொண்டே இருந்தோம், பதில் வரவில்லை. இரண்டு விடுவிப்பான்களை இணையாகப் பொருத்தியிருந்தோம், இரண்டும் மௌனம். கொக்கி கட்டிய வடத்தைக் கடலடியில் இழுத்துத் தேடுவதற்குக் கப்பலுக்கு நேரமில்லை. என் கையால் முடுக்கிய திருகுகளும், யாரும் படித்திராத பல மாதப் பதிவுகளும் இன்னும் அங்கேயே கிடக்கின்றன.

கருவி தொலையாவிட்டாலும் பதிவு அறுபடுவது சிறிய இழப்பன்று. மக்காசார் நீரிணையில் 1996 இறுதியிலிருந்து 1998 நடுப்பகுதி வரை அளவீடு நடந்தது. நடு, கிழக்குப் பசிபிக்கின் மேற்பரப்பு நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ 1997-98இல் வலுவாக இருந்தபோது நீரோட்டம் தளர்ந்தது அதில் பதிவானது. அதன்பின் 2004 வரை அங்கே நீரோட்டமானி எதுவும் இல்லை. 1998இல் தொடங்கி ஏறத்தாழ மூன்றாண்டு நீடித்த, எல் நினோவுக்கு எதிர்நிலையான லா நினா பதிவாகாமலே கடந்துபோனது. இந்தோனேசியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து 2004 முதல் 2006 வரை முக்கிய நீரிணைகள் அனைத்திலும் ஒரே காலத்தில் அளந்த ‘இன்ஸ்டன்ட்’ திட்டம், 2005இல் ஒருமுறை கருவிகளை எடுத்துத் தரவை இறக்கி மறுபடி நிறுத்தியது. ஒழுங்கான திட்டமிடலுக்கு அதையே முன்மாதிரியாகச் சொல்வேன். மக்காசாரில் அதற்குப் பிறகும் பணி தொடர்ந்தது. ஆயினும் 2011 ஆகஸ்டிலிருந்து 2013 ஆகஸ்ட் வரை மீண்டும் இடைவெளி விழுந்தது. ஓராண்டு நீரோட்டம் மற்றோராண்டைப்போல் இருப்பதில்லை. விட்டுப்போன ஆண்டுகளை எந்தப் பணத்தாலும் பிறகு அளக்க முடியாது. அட்லாண்டிக் பெருங்கடலில் 26.5 பாகை வடக்கே 2004இல் நிறுவிய கருவி வரிசை இன்றும் இயங்குவதால்தான் அங்கு நீரோட்டம் பலவீனமடைகிறதா என்று சான்றுடன் வாதிட முடிகிறது.

அனுமதி பெறுவதற்கும் காலம் வேண்டும். ஐக்கிய நாட்டுக் கடல்சட்ட உடன்படிக்கையின் 248ஆம் விதிப்படி, பிற நாட்டின் கடற்பரப்பில் ஆய்வு செய்ய விரும்புவோர் ஆறு மாதங்களுக்கு முன்பே முழு விவரம் தர வேண்டும். அந்நாட்டு அறிவியலாளர்கள் கப்பலில் பங்கேற்க 249ஆம் விதி உரிமை தருகிறது. அந்த உடன்படிக்கை 1982இல் நிறைவடைந்தபோது மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நம் பேராசிரியர் டாமி கோ என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் இந்தோனேசிய அறிவியல் கழகமும் சேர்ந்து ‘பருனா ஜெயா 8’ கப்பலில் ஜாவாவின் தென்கடலில் 14 நாள் ஆழ்கடல் உயிரின ஆய்வு நடத்தின. இரு நாடுகளும் ஒரே கப்பலில் வேலைசெய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. நீரோட்ட அளவீட்டுக்கு அப்படிப்பட்ட ஒரு பயணம் போதாது. பத்தாண்டுக்கு ஆறேழு பயணங்கள் வேண்டும். கரையோரப் பாதுகாப்புக்கு நூறாண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னதை நினைத்துப் பார்த்தால், இப்பயணங்களின் செலவு மிகச் சிறியது. ஆழ்கடல் இல்லாவிட்டாலும் துறைமுகமும் பட்டறைகளும் அளவீட்டுக் கருவிகளைச் சீர்செய்யத் தெரிந்த கைகளும் நம்மிடம் உள்ளன. மீட்ட கருவிகளை இங்கேயே கழுவிச் சரிபார்த்து, மின்கலம் மாற்றி, அடுத்த பருவ இடைவெளியில், அதாவது ஏப்ரல்-மே அல்லது அக்டோபர்-நவம்பரில், திருப்பி அனுப்பலாம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சியாகவும் அமையும்.

ஆகவே, கடல் ஆய்வுக்கு நிதி வழங்கும் அமைப்புகள் தங்கள் விண்ணப்பப் படிவத்தில் மீட்பு நாள், மீட்புக் கப்பல், மறுநிறுவல் நாள் ஆகிய மூன்றையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும் என்றும், அவை நிரப்பப்படாத திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்க வேண்டாம் என்றும், தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடல் கருவித் தொழில்நுட்பர்,
ஈசூன், சிங்கப்பூர்