ஈம் கிராமத்தாருக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

இங்கிலாந்தின் டெர்பிஷையரில் உள்ள, 1665-66இல் பிளேக் நோய் வெளியூர்களுக்குப் பரவாமலிருக்கத் தன்னைத்தானே அடைத்துக்கொண்ட ஈம் கிராமத்தையும் அதன் புனித லாரன்ஸ் ஆலயத்தையும் பற்றிய தமிழ்க் கையேடு ஒருவழியாக அச்சாகிவிட்டது. ஷெஃபீல்டில் படிக்கும் நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போய்வந்து கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிகளும் அதைப் படித்துப் பதில் சொல்லட்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினோம்.

முதல் நன்றி, ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் தன்னார்வலர்களுக்கு. வளாகத்தில் நிற்கும் 8ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவையின் தண்டில் ஒரு துண்டு காணாமல் போயிருப்பதைக் காட்டியவர்கள் அவர்கள்தான். தலைப்பகுதி உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரிவதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. பக்கத்திலேயே கேத்தரின் மொம்பெஸனின் கல்லறை. குருவானவரின் மனைவியான இவர் 1666 ஆகஸ்டில் பிளேக்கில் இறந்தார்.

அருங்காட்சியகத்து அம்மையாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்குப் பிளேக்கைக் கொண்டுவந்த துணிமூட்டை, அதைப் பிரித்த ஜார்ஜ் விக்கர்ஸ் சில நாட்களில் இறந்தது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, "தாமஸ் ஸ்டான்லியை விட்டுவிடாதீர்கள்" என்றார். ஸ்டான்லி பதவியிழந்த பழைய போதகர். ஊர் மக்கள் நம்பியது அவரைத்தான். புதிதாக வந்த குருவானவர், கேத்தரினின் கணவர் வில்லியம் மொம்பெஸனுக்கு அப்போது வயது 28. சமயக் கருத்து வேறுபாட்டை ஒதுக்கிவைத்து இருவரும் சேர்ந்து கேட்டதால்தான், ஊரைவிட்டு யாரும் வெளியேறுவதில்லை என்று மக்கள் ஒப்புக்கொண்டார்கள். வழிபாடு திறந்தவெளிப் பள்ளத்தாக்குக்கு மாறியது. இறந்தவர்களை அவரவர் குடும்பமே புதைத்தது. எலிசபெத் ஹான்காக் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் அடக்கம் செய்தார். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்த அக்கா பாதியில் எழுந்துபோய்விட்டு, மறுநாள் வந்து முடித்துக் கொடுத்தார்.

அப்புறம், ஸ்டோனி மிடில்டன் பக்கம் இருக்கும் எல்லைக்கல் வரை எங்களோடு நடந்த பெரியவர். அந்தக் கல்லில் ஆறு குழிகள். விரலை விட்டுப் பார்த்தேன். விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. காசு வழியே நோய் தொற்றாமலிருக்கக் குழியில் வினிகர் ஊற்றி, அதில் காசைப் போட்டுவிட்டு ஈம் மக்கள் தள்ளிப் போய்விடுவார்களாம். பக்கத்து ஊர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுப் பொருட்களை வைத்துவிட்டுப் போவார்களாம். சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினார். பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது. கூடை சுமந்து வந்தவர்களின் பெயர்களை யாரும் சொல்வதில்லை. சுமார் 260 பேரைப் பறிகொடுத்த அந்த ஊரில் மற்றவர்கள் பட்டினியில்லாமல் பிழைத்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். கையேட்டில் அவர்களுக்கென்று ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறோம். "சின்னப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமா?" என்று கேட்காமல் இடம் ஒதுக்கிய வடிவமைப்பாளர் தம்பிக்கு மனமார்ந்த நன்றி.

மெய்ப்புப் பார்த்த ஆசிரியர், அச்சுச் செலவைப் பகிர்ந்துகொண்ட குடும்பங்கள், படம் வரைந்த பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றி.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று ஈமில் நடக்கும் பிளேக் நினைவு வழிபாட்டுக்கு நாங்களும் வருகிறோம். ஆலயத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் உரிய பிரதிகளை அன்று நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
கையேட்டுக் குழுவினர் சார்பில்