கடற்கரையில் நடக்கும் அந்த இரண்டு பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டென்மார்க் ஓவியர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அந்நாட்டின் வடகோடியில் உள்ள ஸ்கேகன் என்ற மீனவ ஊரையும் அங்கே கூடிய ஓவியர்களையும் கட்டுரையாளர் கண்முன் நிறுத்தியிருந்தார். ஆனால் அவர்களில் ஒருவரான க்ரோயர் 1893-இல் வரைந்த கோடைமாலைக் கடற்கரைப் படத்தின் கீழே 'ஓவியர்களின் மனைவியர்' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அந்த நீல வெளிச்சத்தில் நடந்துபோகும் இருவரில் ஒருவர் அன்னா ஆங்கர், மற்றவர் மரீ க்ரோயர். இருவரும் ஓவியர்கள்.

அன்னா 1859-இல் ஸ்கேகனிலேயே பிறந்தவர். வெளியூர் ஓவியர்கள் வந்து தங்கிய விடுதியை நடத்தியது அவருடைய குடும்பம்தான். கோபன்ஹேகனில் இருந்த அரச கலைக்கழகம் அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அவர்களுக்கென்று அங்கே ஒரு பள்ளி வந்ததே 1888-இல்தான். அன்னா அதற்கெல்லாம் முன்பே, வில்ஹெல்ம் க்யூன் என்ற ஓவியர் பெண்களுக்காக நடத்திய பள்ளியில் படித்தார். 1880-இல் ஓவியர் மைக்கேல் ஆங்கருடன் திருமணம், மூன்று வருடத்தில் மகள் ஹெல்கா. அதற்குப் பிறகும் கடைசிவரை வரைந்தார்.

1891-இல் அவர் வரைந்த 'நீல அறையில் வெயில்' படத்தைக் கட்டுரையாளர் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். நீலச் சுவர். சன்னல் வழியே வந்த வெயில் அதில் கட்டம் கட்டமாக விழுந்திருக்கிறது. ஹெல்கா நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பின்னல் வேலை செய்கிறாள். அவ்வளவுதான் படம். அதே காலத்தில் ஹம்மர்ஷோய் என்ற டென்மார்க் ஓவியரும் தன் மனைவி இடாவைப் பின்புறமாகத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தச் சாம்பல் அறைகளும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் இடா அங்கே எதற்காக நிற்கிறார் என்பது பல படங்களில் தெரிவதில்லை. ஹெல்காவுக்குக் கையில் வேலை இருக்கிறது. நாம் பார்க்கிறோமா என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. அன்னாவின் 'சமையலறைப் பணிப்பெண்'ணும் அப்படித்தான். சிவப்புப் பாவாடையோடு, மஞ்சள் திரையில் வடியும் வெளிச்சத்தில், தன் பாட்டுக்கு வேலை பார்க்கிறாள். வீட்டுக்குள் நடக்கும் வேலையைக் கூடவே இருந்து பார்த்த கண் அது. பிற்காலத்தில், தன் ஓவிய அறைச் சுவரில் விழும் அந்திவெயிலை மட்டுமே, ஆளே இல்லாமல் வரைந்திருக்கிறார். என்ன துணிச்சல்!

மரீயின் கதை வேறு. பாரிஸ்வரை போய்ப் படித்தவர். 1889-இல் க்ரோயரை மணந்த பிறகு அவர் வரைவது குறைந்துபோனது, கணவரின் படங்களில் அவர் முகம் பெருகியது. கடற்கரையில், தோட்டத்தில், ரோஜாச் செடியருகில் என்று எங்கும் மரீ. அவர் அழகைப் பேசுகிறவர்கள் அவர் வரைந்ததைப் பேசுவதில்லை. 1890-இல் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வரைந்த இரட்டை உருவப்படம் ஒன்று உண்டு. அதில் க்ரோயரின் முகம் மரீ வரைந்தது. கூர்ந்து, நேர்மையாக வரைந்திருக்கிறார். அந்தக் கை இன்னும் நாற்பது வருடம் வரைந்திருக்க வேண்டியது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்த இதழில் அந்த இருவரின் பெயரையும் குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிடுங்கள். இடமிருந்தால் அந்த நீல அறையை வண்ணத்தில், முழுப்பக்கத்தில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்