எங்கே நிற்கிறாய் என்று கேட்கமாட்டேன்

கல்லடி, மட்டக்களப்பு
2025 ஆவணி

அன்பின் மகனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ எந்தக் கடலில் நிற்பாய் என்பது எனக்குத் தெரியாது. நான் அதைக் கேட்கப்போவதுமில்லை. கேட்காமலிருக்கப் பழகுவதற்கு எனக்கு இரண்டு வருடங்கள் சென்றன. பழக்கியவர்கள் யாரென்று உனக்கு ஓரளவு தெரியும், ஆனால் முழுக்கதையையும் நான் சொன்னதில்லை. இன்று அதையும், அவர்களில் சிலர் சொல்லியும் கேளாமல் உன்னிடம் மறைத்து வைத்திருந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். மறைத்ததை முதலில் சொல்லாவிட்டால் மற்றதை நீ நிதானமாக வாசிக்கமாட்டாய். சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய கிழமை அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து நான்கு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது நலமாக இருக்கிறார். மருந்தை ஒழுங்காக எடுக்கிறார், காலையில் கடற்கரை வரை நடக்கிறார், கறியில் உப்பைக் குறைத்ததற்காக நாள்தோறும் என்னோடு சண்டை பிடிக்கிறார்.

2023இல் நீ அமெரிக்கக் கடற்படையின் கிரேட் லேக்ஸ் முகாமுக்குப் போனாய். கடற்படைக்கு ஆள் பழக்கும் இடம் கடலே இல்லாத இலினோய் மாநிலத்தில், ஒரு ஏரிக்கரையில் இருக்கிறது என்று மாமா சொன்னபோது, "அதற்கு நம் வாவியிலேயே பழக்கியிருக்கலாமே" என்று அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீ கடற்படையில் சேரப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து இரண்டு நாட்கள் நான் பேசாமலிருந்தது கடலுக்குப் பயந்து மட்டுமல்ல. 2004 மார்கழியில் மூன்று வயதுப் பிள்ளையாக உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்து ஓடியவள் நான் என்பது உண்மைதான். ஆனால், சீருடையைக் கண்டால் வீதியின் மறுகரைக்கு மாறி நடந்த தலைமுறை எங்களுடையது என்பதும் உண்மை. எந்த நாட்டுச் சீருடையென்று பார்த்துப் பயப்பட எங்களுக்குத் தெரியாது.

முகாமுக்குப் போன இரவு, வந்து சேர்ந்துவிட்டேன் என்று மாமாவிடம் ஒரு நிமிடம் பேசிவிட்டு நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். சில நாட்களில் நீ போட்டுச் சென்ற சட்டையும் சப்பாத்தும் ஒரு பெட்டியில் அவர்கள் வீட்டுக்கு வந்தன. மாமி அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். உயிரோடு இருக்கும் பிள்ளையின் உடுப்பு பெட்டியில் திரும்பி வருவது என்ன வழக்கம் என்று நான் அழுததைக் கேட்டு, மாமிதான் உன்னைப் போன்ற பிள்ளைகளின் பெற்றோர் கூடியிருக்கும் முகநூல் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார். அங்கே அந்தக் கிழமை பெட்டி வந்த தாய்மார் பலர் இருந்தார்கள். ஒருத்தி பெட்டியைத் திறக்காமலே கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாள், இன்னொருத்தி மகனுடைய சட்டையைத் தோய்க்க மனமில்லாமல் தலையணையில் போர்த்தியிருந்தாள். அறுபது வயதில், எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, நான் தனியாக இல்லை என்று முதன்முதலில் உணர்ந்தது அப்போதுதான்.

ஆனால், அவர்கள் எல்லோரும் ஓயாமல் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு ஒத்துவரவில்லை. செய்தி வராதிருப்பதே நல்ல செய்தி என்பார்கள். இந்த மாவட்டத்தில் என் வயதுப் பெண் ஒருத்தியிடம் அதைச் சொல்லிப் பார். போன பிள்ளையைப் பற்றி முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்தி வராத வீடுகள் நம் ஒழுங்கையிலேயே இரண்டு இருக்கின்றன. அந்த வீடுகளில் பிள்ளையின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், மாலை மட்டும் போடவில்லை. இதை நான் பிழையான ஆங்கிலத்தில் ஒரு காலையில் எழுதிவிட்டேன். நெடுநேரம் யாரும் பதில் எழுதவில்லை. பிறகு ஒஹாயோவிலிருந்து ஒரு தாய், "அப்படியானால் உங்களிடம் இனி அதைச் சொல்லமாட்டேன். உங்கள் ஊரில் பெண்கள் எப்படிக் காத்திருப்பார்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்டார்.

நான் அப்பம்மாவைப் பற்றி எழுதினேன். வாடைக் காலத்தில் தோணிகள் தாமதித்தால் பெண்கள் கரையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அரிசி விலை, யாருடைய பெண்ணுக்கு எங்கே சம்பந்தம், கண்ணகி அம்மன் சடங்குக்கு யார் என்ன நேர்ந்திருக்கிறார்கள் என்று எல்லாம் பேசுவார்கள்; "இன்னும் வரவில்லையா" என்று மட்டும் ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்கமாட்டாள். முதலில் வந்த தோணியின் சொந்தக்காரி வீட்டுக்குப் போகாமல் கடைசித் தோணி வரும்வரை அங்கேயே இருப்பாள். இதை வாசித்த ஒஹாயோக்காரர், தங்கள் குழுவும் அதைத்தான் செய்கிறது, ஆனால் தங்களுக்குக் கரை இல்லை என்று எழுதினார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஆனாலும் அக்கா என்ற சொல் நிலைத்துவிட்டது.

பயிற்சி நடந்த பத்து வாரங்களும் உன்னோடு பெரும்பாலும் தபாலில்தான் தொடர்பு. இங்கிருந்து போடும் கடிதம் முகாமுக்குப் போய்ச் சேருவதற்குள் நீ வெளியேறிவிடுவாய் போலிருந்தது. நான் கையால் எழுதிய பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால் தான் அச்சிட்டுத் தபாலில் போடுவதாக அக்கா முன்வந்தார். தனக்கு ஒரு எழுத்தும் புரியாத கடிதத்தை ஒரு பெண் தன் மேசையில் அச்சிட்டு, மடித்து, முத்திரை ஒட்டினாள் என்பதை நினைக்க எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. முதல் கடிதத்தில் எது மேல்பக்கம், எது முதலாவது பக்கம் என்று அவருக்குத் தெரியாமல் போனதால் உனக்கு மூன்றாம் பக்கம் தலைகீழாகவும் முதலாகவும் வந்தது. "அம்மா, அப்பம் சுடும் இடத்திலிருந்து கடிதம் தொடங்குகிறது" என்று நீ பதில் எழுதியிருந்தாய்.

பயிற்சியின் கடைசிச் சோதனை பற்றியும் குழுவில்தான் அறிந்தேன். கட்டடத்துக்குள்ளே தண்ணீரில் நிறுத்திய மாதிரிக் கப்பலொன்றில் தீயும் வெள்ளமுமாக ஒரு முழு இரவு பழக்கி, விடியும்போது 'பயிலுநர்' என்ற தொப்பியைக் கழற்றிக் 'கடற்படை' என்ற தொப்பியை அணிவிப்பார்களாம். அங்கே இரவு, இங்கே பகல். உலகின் எங்கெங்கோ இருந்த பெற்றோர் தூங்காமல் ஒருவரோடொருவர் எழுதிக்கொண்டிருக்க, நான் கீரை ஆய்ந்துகொண்டே வாசித்துக்கொண்டிருந்தேன். அணிவகுப்பு நாளில் மாமாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. தன் மகனைப் பார்க்க வந்த அக்கா உன்னைத் தேடிப்பிடித்துக் கட்டியணைத்த படம் இன்றும் எங்கள் அலுமாரிக் கதவில் இருக்கிறது. உன்னைத் தொட்ட கையின் படம் என்று அப்பா அதைச் சொல்வார்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். நீ கப்பலுக்குப் போன பிறகு, இன்ன துறைமுகத்தில் இன்ன திகதியில் நிற்போம், அங்கிருந்து வீடியோவில் பேசலாம் என்று ஒருமுறை எனக்குச் சொன்னாய். நான் அந்த மகிழ்ச்சியில் துறைமுகத்தின் பெயரையும் திகதியையும் குழுவில் எழுதிவிட்டேன். சில நிமிடங்களில் அது நீக்கப்பட்டது. எனக்கு அவமானமாக இருந்தது; வகுப்பில் பிள்ளைகளைத் திருத்தி முப்பது வருடம் சம்பளம் வாங்கியவளை யாரோ திருத்திவிட்டார்களே என்று கோபமும் வந்தது. அக்கா தனியாக எழுதி விளங்கப்படுத்தினார். கப்பலின் பெயர், இடம், திகதி ஆகிய மூன்றையும் ஒருவர் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அது ஐயாயிரம் பிள்ளைகளின் முகவரி ஆகிவிடும் என்றார். உங்கள் கப்பலில் சில நாட்கள் தொடர்புகளையெல்லாம் நிறுத்திவைப்பதும் அதே காரணத்துக்காகத்தான் என்றும் அப்போதுதான் அறிந்தேன். அதனால்தான் இந்தக் கடிதத்தில்கூட உன் கப்பலின் பெயர் இல்லை.

அடுத்த வருடம் அதற்கு மறுபக்கமும் வந்தது. 2024இல் செங்கடலில் நின்ற ஐசனோவர் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்கிவிட்டதாக யேமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். நம் தமிழ்க் காணொளிகளில் கப்பல் எரியும் படங்களோடு செய்தி ஓடியது. உன் கப்பல் அதுவல்ல என்று சொல்லியும் அயலவர்கள் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு படலை திறந்து வந்தார்கள். குழுவில் அந்தக் கப்பலில் பிள்ளைகளை வைத்திருந்த பெற்றோர் இருந்தார்கள். அவர்கள் ஒருவரும் அந்தப் படங்களைப் பகிரவில்லை, பகிர்ந்தவர்களையும் தடுத்தார்கள். அந்தக் கப்பலின் தளபதி கிறிஸ்டோபர் ஹில், தம் மாலுமிகளின் அன்றாடப் படங்களைச் சமூக வலைத்தளத்தில் தாமே இட்டுவந்தார். அப்படியொரு படத்தில், கப்பலின் மேல்தளத்தில் ஒரு பிள்ளை விமானத்தின் பக்கத்தில் நிற்பதைக் கண்டு ஒரு தாய் "இவன் என்னுடையவன்" என்று எழுதியபோது, அவள் யாரென்றே தெரியாமல் நான் மாமாங்கேஸ்வரருக்குக் கற்பூரம் கொளுத்தினேன். ஏறக்குறைய ஒன்பது மாதங்களுக்குப் பின் ஆடியில் அக்கப்பல் நோர்போக்குக்குத் திரும்பியது.

குழுவில் இருப்பதெல்லாம் நல்லது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். தேர்தல் வந்தால் அடித்துக்கொள்கிறார்கள். தம் பிள்ளையின் பதவியைத் தாமே அணிந்து திரியும் தகப்பன்மார் சிலர் உண்டு. உன் பிறந்த திகதியையும் கப்பலையும் கேட்டு, இனிமையாக எழுதிய ஒரு 'தாய்' உண்மையில் தாயே அல்ல என்று பிறகு தெரியவந்தது.

அப்பாவின் விடயத்துக்கு வருகிறேன். வலி வந்த இரவு, உனக்கு அறிவிப்பதா என்று அக்காவிடம்தான் கேட்டேன். அவர் உடனே வழியைச் சொன்னார். குடும்பத்தில் நோயோ இறப்போ நேர்ந்தால் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டுமாம். அவர்கள் வைத்தியரிடம் உறுதிசெய்துகொண்டு கப்பலுக்குச் செய்தி அனுப்புவார்கள், விடுப்புக் கொடுப்பதா என்பதைத் தளபதி தீர்மானிப்பார். அதற்கு உன் முழுப்பெயர், பதவிநிலை, பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம், கப்பலின் முகவரி எல்லாம் வேண்டும். அந்த இரவில் என்னிடம் பாதியும் இருக்கவில்லை. நான் தேடிக்கொண்டிருக்கையில் வைத்தியர் ஆபத்து நீங்கிவிட்டது என்றார். அறிவிக்க வேண்டாம் என்று அப்பாவும் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா உட்படச் சிலர் உனக்குச் சொல் என்றார்கள். கடலில் நிற்பவனுக்குச் சொல்லி அவன் என்ன செய்யப்போகிறான் என்று வேறு சிலர் கேட்டார்கள். எனக்கு வசதியான பதிலை நான் எடுத்துக்கொண்டேன். நீ பேசியபோது அப்பா தூங்குகிறார் என்றேன். மூன்றுமுறை அப்படிச் சொன்னேன்.

அது தவறு. நீ இருக்கும் இடத்தைச் சொல்லாதிருப்பது உன் கடமை. அதை நான் ஏற்றுக்கொண்டேன். வீட்டில் நடப்பதை நான் சொல்லாதிருப்பது எந்தக் கடமையிலும் சேராது. இனி எது நடந்தாலும் உனக்குச் செய்தி வரும். ஆகவே, செய்தி வராவிட்டால் எல்லாம் நலம் என்று நீ நம்பலாம். எனக்குச் செரிக்காமல் போன அந்த வார்த்தையை உனக்காக மட்டும் மெய்யாக்கி வைக்கிறேன்.

அதற்கு நீயும் இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். மேலே சொன்ன விபரங்களை ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்துவை; எனக்கு இணையத்தில் அனுப்பாதே. உங்கள் கப்பலின் ஒம்புட்ஸ்மனிடம் என் பெயரையும் மின்னஞ்சலையும் பதிந்துவிடு. நம் நாட்டில் ஒம்புட்ஸ்மன் என்றால் முறைப்பாடு கேட்பவர் என்பதால் முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. உங்கள் கடற்படையில் 1970இல் அட்மிரல் சம்வோல்ட் தொடங்கிவைத்த ஏற்பாடு அது என்றும், தளபதி நியமிக்கும் தொண்டர் ஒருவர் கப்பலுக்கும் குடும்பங்களுக்கும் நடுவே தொடர்பாக இருப்பார் என்றும் குழுவில் விளக்கினார்கள். மாலுமி பெயர் கொடுத்தால்தான் பெற்றோருக்கும் அவருடைய தகவல்கள் வருமாம். மனைவிமாரின் பெயரைக் கொடுக்கும் பிள்ளைகள் தாய்மாரை மறந்துவிடுகிறார்கள் என்று அங்கே ஒரு நெடிய முறைப்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்கு இன்னும் மனைவி இல்லாததால் அந்தச் சாட்டும் இல்லை.

அரிசி கழுவத் தெரியாமல் போனவன் இன்று கப்பலின் சமையலறையில் நிற்கிறாய் என்று சொன்னால் நம் ஒழுங்கையில் யாரும் நம்புவதில்லை. மாமி கொடுத்த கறித்தூளை அக்கா தன் பொதியில் சேர்த்து அனுப்புகிறார். அங்கிருந்து கப்பலுக்குப் பொதி அனுப்ப உள்ளூர்த் தபால் கட்டணமே போதுமாம். அதற்குள் இந்தக் கடிதமும் இருக்கும். பக்கங்களுக்கு 1, 2, 3 என்று பெரிதாக இலக்கமிட்டு, மேல்பக்கத்தில் அம்புக்குறியும் கீறியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா